தானே ஓடும் வண்டி

தூத்துக்குடியில், வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும். துறைமுகத்துப் பைலட் படகில் சென்று கயிற்றேணி பற்றி மேலேறுவார். கால்வாயின் ஆழமும் காற்றின் போக்கும் அவர் அறிந்தவை. அவர் சொல்லச் சொல்லச் சுக்கான் திரும்பும். ஆயினும், பைலட் ஏறிவிட்டதனால் கப்பல் தலைவரின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. இது உலகம் ஒப்புக்கொண்ட கடல் வழக்கு. வழிகாட்டுபவர் ஒருவர், விடை சொல்ல வேண்டியவர் ஒருவர். இருவரும் இன்னார் என்று யாவருக்கும் தெரியும்.

ஓட்டுநர் இன்றித் தானே ஓடும் மோட்டாரைப் பற்றிப் பேச வந்த நான் கப்பலில் தொடங்கியது இதன் பொருட்டே. அந்த வண்டிக்குக் காமிராவும் ரேடாரும் கண்கள், கம்ப்யூட்டர் மூளை. அப்படியாயின், விபத்து நேர்ந்தால் விடை சொல்பவர் யார்?

இது வெறுங் கற்பனை வினா அன்று. 2018 மார்ச் 18ஆம் தேதி இரவு, அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்து டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணொருத்தியைச் சோதனையில் இருந்த அத்தகைய வண்டி மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே கருவிகள் அவளைக் கண்டுவிட்டன. ஆனால் கண்டது மோட்டாரா, சைக்கிளா, வேறு பொருளா என்று கம்ப்யூட்டர் மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்தது. கடப்பதற்கென்று கோடிட்ட இடத்தில் அல்லாமல் மனிதர் வேறிடத்திலும் சாலையைக் கடப்பர் என்பதை அதற்கு எவரும் கற்பித்திருக்கவில்லை! காவலுக்கென வண்டியில் அமர்ந்திருந்த ஊழியர் அப்போது சாலையைப் பார்க்கவில்லை. 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வண்டியை ஓடவிட்ட கம்பெனி மீது குற்ற வழக்கே இல்லை. கப்பல் வழக்கோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வண்டிகள் ஒன்றோடொன்று அலைவழியே செய்தி பேசிக்கொள்ளுமாறு செய்தால் விபத்துக் குறையும் என்பர். கடலில் இது முன்பே வந்துவிட்டது. வெளிநாடு செல்லும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் ஓயாது அறிவிக்கும் கருவியைத் தாங்கவேண்டும் என்பது 2004ஆம் ஆண்டு முடிவிலிருந்து கட்டாயம். நம் வள்ளங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே, அந்தத் திரையை மட்டும் பார்த்துச் செல்பவருக்கு, கருவி இல்லாத வள்ளம் இல்லாத வள்ளமே. 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகள் கண்ணாலும் காதாலும் காவல் காக்கவேண்டும் என்று கட்டளையிடுவது வீணன்று. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் பெருங்கப்பல் ஒன்றும் மீன்பிடி படகு ஒன்றும் மோதிக்கொண்டன. படகில் இருந்த 14 பேரில் இருவரே உயிரோடு மீண்டனர். படகில் தமிழரும் இருந்தனர்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மூழ்குபவரின் உயிர் கயிறு பிடிப்பவரின் கையில் இருந்தது. ஆனால் அவரும் அதே தோணியில் நின்றார். வண்டிக்கு விதி எழுதுபவரோ எங்கோ இருக்கிறார்.

2017இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, வேலை பறிபோகும் என்பதால் ஓட்டுநரில்லா வண்டிகளை இந்தியாவில் அனுமதியோம் என்றார். துறைமுகச் சாலையில் லாரி ஓட்டிப் பிழைப்போருக்கு அது ஆறுதலான சொல். எனினும் அதுவே முழுக் காரணம் ஆகாது என்பது என் கருத்து. 2022இல் மட்டும் நம் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். யந்திரம் குடிப்பதில்லை, தூங்குவதுமில்லை. அதனால் உயிர்கள் பிழைக்குமாயின் வெறுப்பது முறையன்று.

ஆனால் விடியுமுன் உப்பளத்துக்குச் சைக்கிளில் செல்லும் தொழிலாளியிடம் அலைவீசும் கருவி ஏதும் இராது. கோடிட்ட இடம் பார்த்து அவர் சாலையைக் கடக்கப்போவதுமில்லை. விளக்கில்லாச் சைக்கிளும் கண்ணிற் படுமா என்று இருட்டிலேயே சோதித்து, படாமற்போனால் விடை சொல்லவேண்டியவர் யாரென்று உரிமச் சீட்டிலேயே எழுதிய பிறகு, அந்த வண்டி துறைமுகச் சாலைக்கு வரட்டும்.