பார்க்கின்சன் நோயும் மூளை மந்தமும்

(மாட்டுங்காவில் நடந்த எங்கள் கிளையின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



மைக்கின் சத்தத்தைக் குறைத்து வைத்த நம் காரியதரிசிக்கு முதலில் நன்றி. நேற்றே போன் செய்து கேட்டுக்கொண்டேன். "மாமா, உங்க குரலே மெல்லிசு. மைக்கையும் குறைச்சா பின்வரிசைக்கு எப்படிக் கேட்கும்?" என்றார். நியாயம்தான். பார்க்கின்சன் வந்தவனுக்குத் தான் உரக்கப் பேசுவதாகவே தோன்றும். எதிரில் இருப்பவருக்குக் காதில் விழாது. கேட்கவில்லை என்றால் தயவுசெய்து கையைத் தூக்குங்கள், கூச்சல் போட வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். பெரிய எழுத்தில் எழுதி எடுத்து வந்திருக்கிறேன், நடுவில் விட்டுப்போனால் பிடித்துக்கொள்ள.

எனக்கு இந்த வியாதி என்று தெரிந்தது 2016-ல். வலது கை நடுங்கியது. அது எல்லோருக்கும் தெரியும், பார்த்தவுடன் "ஐயோ பாவம்" என்பார்கள். தலைக்குள் நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த வியாதியைப் பற்றி எழுதியபோது, புலன்களுக்கும் புத்திக்கும் பாதிப்பில்லை என்றே எழுதினார். அவர் விவரித்தது ஆறே பேரை, அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? இன்றைக்கு டாக்டர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். மூளையின் ஆழத்தில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் நசிந்து போகின்றன. அந்த டோபமின் கைகாலை அசைக்க மட்டும் இல்லை. ஒரு விஷயத்தில் கவனத்தை நிறுத்தவும், அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் அதுவே வேண்டும்.

நான் 38 வருஷம் பாங்கில் இருந்தவன், கடைசியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. லெட்ஜர் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தால் தப்பு தானாகக் கண்ணில் படும். இப்போது ஓடிபி வந்தால் ஆறு எண்ணைப் பார்த்துத் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மறதி என்று நினைக்காதீர்கள். பெயர் உள்ளே இருக்கிறது, வெளியே வர நேரமாகிறது. முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் உடனே வந்துவிடும்.

என்னை உலுக்கிப் போட்டது வேறு. ஏழு வயசில் பூணூல் போட்டதிலிருந்து செய்துவந்த சந்தியாவந்தனத்தில் ஒரு நாள் இடம் தவறிவிட்டது. அர்க்யம் முடிந்ததா, இன்னும் கொடுக்கவில்லையா? கையில் ஜலத்தோடு நின்றேன். ஜபத்திலும் விரல் கணுவில் எண்ணிக்கொண்டே வந்தவன், எத்தனை என்று தெரியாமல் திரும்பத் திரும்பத் தொடங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் வாத்தியாரிடம் சொன்னபோது, "அண்ணா, 108 முடியலைன்னா 28 பண்ணுங்கோ, அதுவும் முடியலைன்னா 10 போதும்" என்றார். அவருக்கு அது சாதாரண விஷயம். எனக்குத்தான் அதைக் கேட்க ஆறு மாதம் ஆயிற்று.

இனி சத்தம். நம் எல்லோருக்கும் மூளையில் ஒரு சல்லடை உண்டு. மிக்ஸி ஓடும், தெருவில் ஹாரன் அடிக்கும், ஆனாலும் எதிரில் பேசுகிறவர் குரலை மட்டும் அது உள்ளே விடும். எங்களில் பலருக்கு அந்தச் சல்லடை சரியாக வேலை செய்வதில்லை. எல்லாம் ஒரே அளவில் உள்ளே வந்து விழும். அதோடு நடப்பதற்குக்கூட நாங்கள் கவனம் வைக்க வேண்டும். நீங்கள் யோசிக்காமல் எடுத்து வைக்கிற அடியை நான் நினைத்து எடுத்து வைக்கிறேன். சத்தம் அந்தக் கவனத்தைப் பறித்துக்கொண்டால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். மாத்திரையின் வேகம் குறைகிற வேளையில் படபடப்பும் சேர்ந்துவிடும்.

2023-ல் என் பேத்தியின் கல்யாணம். காலையில் நாதஸ்வரமும் கெட்டிமேளமும் எப்படியோ தாங்கிக்கொண்டேன். சாயங்காலம் ரிசப்ஷனில் ஆர்கெஸ்ட்ரா. ஆளுயர ஸ்பீக்கர், அதன் எதிரிலேயே மரியாதையாக முதல் வரிசையில் எனக்கு நாற்காலி. பத்து நிமிஷத்தில் மார்பு அடைத்தது. சம்பந்தி வந்து ஏதோ கேட்டார். உதடு அசைகிறது, வார்த்தை புரியவில்லை. பதில் சொல்லாமல் எழுந்து, செருப்பு விடுகிற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடவும் உள்ளே வரவில்லை.

அவர் என்ன கேட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. "ஏற்பாடெல்லாம் திருப்திதானே?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு நான் சொன்ன பதில், முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனது! மூன்று மாதம் அவர்கள் ஆத்திலிருந்து சரியான பேச்சில்லை. குழந்தை இரண்டு பக்கமும் இடிபட்டாள். என் மனைவிதான் ஒரு நாள், "ஏன்னா, நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடறேன்" என்று போனை எடுத்தாள். மறுநாளே சம்பந்தி நேரில் வந்தார். டிவியை அணைக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டார். நடுக்கத்தை மறைக்க முடியாது, மந்தத்தை மறைக்கலாம் என்று நினைத்தேன். புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்வார்களோ என்ற பயம்.

வைத்தியம் பற்றிக் கொஞ்சம். என் மந்தத்தில் ஒரு பங்கு மாத்திரையால் வந்தது. நடுக்கத்துக்காக எனக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் கொடுத்திருந்தார்கள். வயசானவர்களுக்கு அது குழப்பத்தை உண்டாக்கக்கூடியது. இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் டாக்டர் அதைப் படிப்படியாகக் குறைத்தார், தலை ஓரளவு தெளிந்தது. இதைக் கேட்டுவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் மாத்திரைச் சீட்டு முழுவதையும் காட்டிக் கேளுங்கள். லெவோடோபா மாத்திரையைப் பருப்பு, தயிர், பாலோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. நான் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுகிறேன். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் யாரோ சொன்னார்கள் என்று அந்தச் சூர்ணத்தை மாத்திரையோடு கூட்டிக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, என் மந்தம் மெதுவாக வந்தது. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால், "பார்க்கின்சன்தானே" என்று விட்டுவிடாதீர்கள். மூத்திரத்தில் கிருமி, உடம்பில் நீர் வற்றியது, புதிதாகச் சேர்த்த மருந்து, ஏதாவது இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். காதையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள்.

இதே மும்பையில் 2001-ல் தொடங்கிய பார்க்கின்சன் சொசைட்டி இருக்கிறது. நோயாளிகளும் வீட்டு மனுஷர்களும் கூடிப் பேசுகிற குழுக்களை நடத்துகிறார்கள். வேறு ஊர்களிலும் உண்டு. "எனக்கும் அப்படித்தான்" என்று இன்னொருவர் சொல்லக் கேட்டால் பாதி பயம் போய்விடும்.

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். விழா நடக்கும் மண்டபத்தில் ஸ்பீக்கர் இல்லாத ஓர் அறையில் நாலு நாற்காலி போட்டு வையுங்கள். என்னைப் போல வேறு யாராவது நிச்சயம் வருவார்கள். எங்களிடம் பேசும்போது எதிரில் நின்று, ஒருவர் மட்டும், ஒரு கேள்வியாகக் கேளுங்கள். பதில் வரப் பத்து விநாடி ஆகும். அதற்குள் அதே கேள்வியை உரக்கத் திருப்பிக் கேட்டால் நாங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் பங்குக்கு, இப்போதெல்லாம் சட்டைப்பையில் காதடைப்பான் வைத்திருக்கிறேன், மெடிகல் ஷாப்பில் கிடைக்கிறது. எங்கே போனாலும் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு மணி ஆகப்போகிறது, என் மாத்திரை வேளை. முதல் பந்தியில் என்னைக் கூப்பிடாதீர்கள், இரண்டாவதில் உட்காருகிறேன்.