பியூனஸ் அயர்ஸ் மாப்பிள்ளை

(நமது குடியிருப்பின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை)

டாலியா கார்னர் எழுதி 2019-இல் வெளிவந்த ‘த தேர்ட் டாட்டர்’ என்ற நாவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் கனமான விஷயம். பிள்ளைகள் கீழே விளையாடிக்கொண்டிருப்பதால் தயங்காமல் பேசலாம்.

ரஷ்யாவில் ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஏழை யூதக் குடும்பம். 14 வயது மகள் பாத்யா. பட்டுக் கழுத்துப்பட்டி கட்டிய பணக்காரர் ஒருவர் பெண் கேட்டு வருகிறார். வரதட்சணை கொடுக்க வழியில்லாத அப்பாவுக்குக் கடவுளே வந்த மாதிரி. கப்பல் போய்ச் சேர்ந்த பியூனஸ் அயர்ஸில் அவளுக்குக் காத்திருந்தது விபச்சார விடுதி.

இதற்கு விதை, ஷோலம் அலைக்கெம் 1909-இல் யித்திஷ் மொழியில் எழுதிய ஒரு சிறுகதை. ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் வழியெல்லாம் தன் வியாபாரப் பெருமையைப் பேசுகிறார். சொந்த ஊருக்குப் பெண் பார்க்கப் போகிறாராம். என்ன சரக்கு என்று மட்டும் கடைசிவரை சொல்லவே மாட்டார். எனக்கு நாவலைவிட அந்தக் கதைதான் அதிகம் பயமுறுத்துகிறது.

அர்ஜென்டினாவில் இது உண்மையாகவே நடந்தது. 1906-இல் அந்தத் தரகர்கள் ‘பரஸ்பர உதவிச் சங்கம்’ என்று முறைப்படி பதிவே செய்துகொண்டார்கள். நம்மைப் போல அவர்களுக்கும் தலைவர், உறுப்பினர், சந்தா எல்லாம் உண்டு! பின்னாளில் அதன் பெயர் ஸ்வி மிக்தால். மற்ற யூதர்கள் இவர்களை ‘தீட்டுப்பட்டவர்கள்’ என்று ஒதுக்கி, தங்கள் இடுகாட்டில்கூட இடம் தரவில்லை. இவர்கள் தனி ஜெப ஆலயமும் தனி இடுகாடும் அமைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒதுக்கல் ஏமாற்றப்பட்ட பெண்கள் மீதும் விழுந்ததே, அதுதான் கொடுமை.

ராகேல் லிபெர்மேன் என்ற பெண் காசு சேர்த்துத் தன்னை மீட்டு, பழம்பொருள் கடை வைத்தார். கல்யாணம் செய்துகொண்டவனும் அந்தக் கும்பலின் ஆளாகவே இருந்து பணத்தைச் சுருட்டினான். 1929-இன் கடைசி நாளில் போலீஸ் அதிகாரி ஹூலியோ அல்சோகராயிடம் புகார் கொடுத்தார். மறுவருடம் 108 பேர் மீது நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் பெரும்பாலோர் வெளியே வந்துவிட்டாலும், கும்பலின் கதை அத்தோடு முடிந்தது.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1924-இல் தனியாக வந்ததாக அவர் போலீசிடம் சொல்லியிருந்தார். உண்மையில் 1922-இலேயே இரண்டு மகன்களோடு கணவரைத் தேடி வந்தவர். அடுத்த வருடமே கணவர் காசநோயில் போய்விட்டார். பிள்ளைகள் பெயர் கெடக்கூடாது என்றுதான் மறைத்திருக்கிறார். இதைப் பல காலம் கழித்து ஆய்வாளர் நோரா கிளிக்மேன் வெளிக்கொண்டுவந்தார். ஆவணத்திலேயே புனைவு கலந்திருக்கும்போது, மிச்சத்தை நாவலாசிரியர் கற்பனையால் நிரப்புவதை நான் குறை சொல்லமாட்டேன். கடைசி அத்தியாயங்களில் எல்லாம் சற்று வசதியாகக் கூடிவருகிறது என்பது மட்டும் என் மனக்குறை.

ராகேல் 1935-இல் புற்றுநோயில் இறந்தார். வயது 34 தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நாவல் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.