அரக்கன் முகத்துக்குப் பின்னால்



அச்சமூட்டும் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இரவுக் காட்சி முடிந்து வீடு திரும்பும் மாணவன், தெருமுனை இருளில் தன்னையறியாமல் நடையை விரைவுபடுத்துகிறான். அவனை அவ்வாறு விரையச் செய்தவர் யார்? பேய் என்பான். அந்தப் பேயின் முகத்தை வார்த்தவர் யார், அதை அணிந்துகொண்டு விளக்குகளின் வெப்பத்தில் நின்றவர் யார், அம்முகத்தின் மீது நிழல் எங்கே விழவேண்டும் என்று திட்டமிட்டவர் யார் என்று கேட்டால் விடை வராது. கதாநாயகனின் ஊர், உணவு, ஊர்தி எல்லாவற்றையும் பேட்டிகளில் படித்து நாம் அறிந்திருக்கிறோம். பேயைப் பேட்டி கண்டவர் மிகச் சிலரே. அச்சப் படம், கார்ட்டூன் படம், விஞ்ஞானக் கற்பனைப் படம் ஆகியவற்றை ஆக்கியோரிடமும் அவற்றில் நடித்தோரிடமும் உரையாடுவதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் செங்கற்பட்டில் வாழ்பவன். மாமல்லபுரத்துக்கு அடிக்கடி செல்வதுண்டு. அங்குக் கலங்கரை விளக்கக் குன்றிலுள்ள மகிடாசுரமர்த்தினி மண்டபத்தை உங்களில் பலரும் கண்டிருப்பீர்கள். ஒரு சுவரில், சிங்கத்தின் மீதமர்ந்த கொற்றவை வில்லை வளைக்கிறாள். எதிரே மகிடன் கதையைப் பற்றியவாறு பின்சாய்ந்து நிற்கிறான். உடல் மனித உடல். தலை எருமைத் தலை. மனிதத் தோளும் விலங்கின் கழுத்தும் கூடுமிடம் சற்றே பொய்யாகத் தோன்றினாலும் அச்சம் மறைந்து நகைப்பு வந்துவிடும். ஆயினும், 1300 ஆண்டுகளுக்கு மேலாக அந்த மகிடனைப் பார்த்து எவரும் நகைத்ததாகத் தெரியவில்லை. அவனை வடித்தவர் தீர்த்த அதே சிக்கலைத்தான் இன்று திரைப்பட ஒப்பனைக் கலைஞர் ரப்பரையும் பசையையும் கொண்டு தீர்க்க முயல்கிறார்.

அவர் பெயர் என்ன? அதனை அம்மண்டபம் சொல்லவில்லை. ஆனால் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், பாறையொன்றின் மீது சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கொல்லன் சேமகன் என்பன அவற்றுட் சில. இவை கல்லில் பணிபுரிந்தோரின் பெயர்கள் என்பது ஆய்வாளர் கருத்து. கொல்லன் உளிகளை வடித்துக் கொடுத்தவனாக இருக்கலாம். படிக்கும்பொழுது உடல் சிலிர்க்கத்தான் செய்கிறது. இருப்பினும் எண்ணிப் பாருங்கள்: பெயர் கிடைத்துவிட்டது, வேறென்ன கிடைத்தது? எந்தக் கல் சதி செய்தது, எந்த உளி முறிந்தது, எருமைக் கழுத்தை மனிதத் தோளில் எப்படிப் பொருத்துவது என்று யார் யாருக்குச் சொன்னார்கள் என்பது பற்றி ஒரு சொல் கூட இல்லை. அவர்களை எவரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

இன்றைய திரைப்படத்தின் முடிவில் நூற்றுக்கணக்கான பெயர்கள் மேலேறிச் செல்கின்றன. அரங்கில் விளக்கெரிந்து, நாம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது. அதுவும் ஒரு பூஞ்சேரிப் பாறையே. பெயருண்டு, பேச்சில்லை. பெயரும் சில வேளை இருப்பதில்லை. 1931-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் தொடக்கத்தில், அரக்கனாக நடித்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டார்கள். அந்தக் கேள்விக்குறிக்குரியவர் போரிஸ் கார்லாஃப். ஒப்பனையாளர் ஜாக் பியர்ஸ் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அவர் முகத்தின் மீது உழைத்தார். பிற்காலத்தில் நிருபர்கள் கேட்டார்கள், அவர்கள் சொன்னார்கள். ஆதலால் நாம் அறிகிறோம்.

ஜப்பானில் 1954-இல் 'காட்ஜில்லா' என்னும் பேருருவ விலங்கின் படம் வந்தது. நகரத்தை மிதித்து நொறுக்கிய அவ்விலங்கின் உள்ளே இருந்தவர் ஹாருவோ நகாஜிமா. முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ எடை. அதை அணிந்து சில அடிகள் நடப்பதே பெரும்பாடு. விலங்கின் நடை எப்படியிருக்கவேண்டும் என்று அறிய, அவர் விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்று யானையும் கரடியும் அடியெடுத்து வைப்பதைக் கவனித்தாராம். 1972 வரை 12 படங்களில் அவ்வேடம் புனைந்த அவர், 2017-இல் மறைந்தார். முதுமையில் பல நாட்டு இரசிகர்கள் அவரைத் தேடிச் சென்று கேட்டிராவிட்டால், அந்த யானையும் கரடியும் நமக்குத் தெரிந்திருக்குமா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1963-ஆம் ஆண்டில் தமிழில் இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று, அ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'. இசையறியாத வேற்றுலகத்தார், தமக்கு இசை கற்பிக்க இப்பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்கிறார்கள். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். ககாரின் விண்ணைச் சுற்றி வந்து அப்பொழுது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. மற்றொன்று, ஸ்ரீதர் இயக்கி, ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு செய்த 'நெஞ்சம் மறப்பதில்லை'. முற்பிறவிக் காதலும் பழிவாங்கலும் கலந்த அச்சக் கதை. அந்த வேற்றுலகத்தானும், இந்தப் படத்தில் நூறு வயது கடந்தும் பகை மறவாத ஜமீன்தாரும் ஒருவரே: எம். என். நம்பியார். அப்பொழுது அவர் வயது 44.

இதை நான் நினைக்காத நாளில்லை. ஒரே ஆண்டில், ஒரே முகம், ஒருபுறம் வேற்றுக் கோளுக்குரியதாகவும் மறுபுறம் கல்லறைக்கு அருகிலிருப்பதாகவும் நம்மை நம்பச் செய்தது. 2008-இல் அவர் மறைந்தார். அவருடைய சபரிமலைப் பயணங்களைப் பற்றியும், திரையில் கொடியவராயினும் வாழ்க்கையில் நல்லவர் என்பது பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அது தவறன்று. ஆனால் அந்தக் கிழவரின் முதுகை எவ்வளவு வளைப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள், ஒப்பனை உலரும்வரை உணவு எப்படி உண்டீர்கள் என்ற கேள்விகளுக்கு விடை தேடி நான் பழைய சினிமா இதழ்களைப் புரட்டியதுண்டு. நல்ல மனிதர் என்பது மீண்டும் மீண்டும் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை.

'மாயாபஜார்' படத்தைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். 1957-இல் கே. வி. ரெட்டி இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வந்த அப்படத்தில், கடோத்கசனாக எஸ். வி. ரங்காராவ் அமர, பண்டங்கள் தாமாகவே அவர் வாய்க்குள் செல்கின்றன. கணிப்பொறி என்ற சொல்லே நம் ஸ்டூடியோக்களில் கேட்கப்படாத காலம். மார்க்கஸ் பார்ட்லியின் காமிராதான் எல்லாம் செய்தது. கோகலேயும் கலாதரும் கலை அமைத்தார்கள். பொம்மை வீடுகளைக் கொண்டு துவாரகை நகரைச் சிறு வடிவில் கட்டி, அதற்கு விளக்கும் ஏற்றினார்கள். இவற்றையெல்லாம் தந்திரக் காட்சி என்று அக்காலத்தில் விளம்பரம் செய்வார்கள். தந்திரத்தைக் கண்டு வியப்போர், சாவித்திரி செய்ததைக் கவனிக்கத் தவறுவதுண்டு. கதைப்படி கடோத்கசன் வத்சலாவின் உருவெடுக்கிறான். ஆகவே மென்மையான பெண்ணின் உடலுக்குள் ஓர் அரக்கன் இருப்பதை அவர் காட்டவேண்டும். முகமூடி இல்லை, ரப்பர் இல்லை, காமிராத் தந்திரமும் இல்லை. கால் வைக்கும் முறையிலும், கண்ணை உருட்டுவதிலும், கைவீச்சிலும் அந்த அரக்கனைக் கொண்டுவந்தார். ரங்காராவின் நடையை அருகிருந்து கவனித்தாரா, இயக்குநர் நடித்துக் காட்டினாரா? 1981-இல் சாவித்திரியும், 1993-இல் பார்ட்லியும் போய்விட்டார்கள்.

கார்ட்டூன் படத்துக்கு வந்தால், கேள்வி இன்னும் நுட்பமாகிறது. திரைப்படச் சுருளில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒவ்வொன்றையும் கையால் வரைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாடத்தில் சிறந்தவர்கள் பெருக்கிப் பாருங்கள். பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுப்பதும் இவ்வகையே. ரே ஹாரிஹௌசன் 1963-இல் வந்த ஒரு கிரேக்கக் கதைப் படத்துக்காக ஏழு எலும்புக்கூடுகள் மூன்று வீரர்களோடு வாட்போர் செய்யும் காட்சியை இவ்வாறு எடுக்க நான்கரை மாதம் செலவிட்டார். இவர் 13 வயதில் 'கிங் காங்' படத்தைக் கண்டு மயங்கியவர். பின்னர், தாம் செய்த பொம்மை விலங்குகளை எடுத்துக்கொண்டு, அப்படத்தின் கலைஞர் வில்லிஸ் ஓ'பிரையனையே தேடிச் சென்று காட்டினார். மூத்தவர் பாராட்டி அனுப்பிவிடவில்லை. கால்களில் தசையில்லை என்று குறை கூறி, உடற்கூறு படிக்கச் சொன்னார். சிறுவன் படித்தான். 1949-இல் அவருக்கே உதவியாளனாகவும் ஆனான். மாணவர்களாகிய உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன்: அதுவும் ஒரு பேட்டிதான்.

நம் கடற்கரைக்கும் இதில் பங்குண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கானாத்தூரில் 'மாயாஜால்' என்னும் திரையரங்க வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதனைத் தொடங்கிய சென்னை நிறுவனத்தார், பென்டாஃபோர், பின்னர் பென்டாமீடியா என்ற பெயர்களில் கணிப்பொறிக் கார்ட்டூன் படங்களை ஆக்கியவர்கள். 2000-இல் வெளிவந்த 'சிந்துபாத்' படம் அவர்களுடையது. நடிகர்களின் உடலில் அடையாளப் புள்ளிகளை ஒட்டி, அவர்கள் அசைவதைக் கணிப்பொறியில் பதிந்து, அவ்வசைவை வரைந்த உருவங்களுக்குக் கொடுக்கும் முறையை மோஷன் காப்ச்சர் என்பர். மனித பாத்திரங்கள் அனைத்தையும் அம்முறையிலேயே இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. அசைந்தவர்கள் 1997-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அசைந்தார்கள். உருவங்களை உயிர்ப்பித்த வேலை நம் பக்கம் நடந்தது. குரல் கொடுத்தவர்கள் வேறு. இப்பொழுது சொல்லுங்கள்: சிந்துபாத்தாக நடித்தவரைப் பேட்டி காண வேண்டுமானால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

2014-இல் வந்த 'கோச்சடையான்' இச்சிக்கலை மேலும் முறுக்கியது. அதில் நாகேஷ் தோன்றுகிறார். அவர் மறைந்ததோ 2009-இல். கணிப்பொறியாளர்கள் அவரை மீண்டும் நடமாடச் செய்தார்கள். பேய்க்கதை எழுதுவோர் கூட இவ்வளவு துணியமாட்டார்கள்! 'எந்திரன்' படத்துக்காக ஸ்ரீநிவாஸ் மோகனும் சாபு சிரிலும் தேசிய விருது பெற்றபொழுது, பத்திரிகையாளர்கள் அவர்களிடமும் சென்றார்கள். விருது இருந்தால் செல்கிறார்கள். விருதில்லாதவர்?

அத்தகைய ஒருவரை மாமல்லபுரத்தில் நான் சந்தித்தேன். கல் சிற்பி. ஒரு மாயாஜாலப் படத்துக்கு அரக்கன் தலை செய்து கொடுத்தவர். முதலில் வழக்கமான கேள்வியையே கேட்டேன்: அந்த அனுபவம் எப்படி இருந்தது? "நன்றாக இருந்தது ஐயா" என்றார். அத்துடன் பேச்சு நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து, அந்தத் தலை எவ்வளவு எடை இருந்தது என்றேன். அவர் முகம் மாறியது. உளியைக் கீழே வைத்தார்.

மூன்று கிலோ. முதலில் ஐந்து இருந்ததாம். நடிகரின் கழுத்து தாங்கவில்லை என்று சுரண்டிக் குறைத்தார். கல்லில் குறைத்துக்கொண்டே போகவேண்டும், களிமண்ணில் கூட்டிக்கொண்டே போகவேண்டும். கை அதற்குப் பழக நான்கு நாள் ஆயிற்று என்றார். களிமண் முகத்தின் மீது பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்து, அதில் ரப்பர் பால் பூசி உரித்தெடுத்தார்கள். அரக்கனின் மூக்குத் துளைகள் அகன்று, சினத்தால் விடைத்தாற்போல் இருக்கும். படம் பார்த்த குழந்தைகள் அலறியது அதைக் கண்டே. ஏன் அவ்வளவு பெரிதாக வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"உள்ளே இருக்கிறவர் மூச்சுவிட வேண்டாமா ஐயா?" என்றார்.

கண்ணுக்குத் துளை வைக்க இயக்குநர் சம்மதிக்கவில்லை. ஆகவே நடிகர் அரக்கனின் வாய் வழியே பார்க்கவேண்டியதாயிற்று. வழி தெரிவதற்காக அவர் தலையைத் தூக்கித் தூக்கி நடந்தார். அந்தச் செருக்கு மிகுந்த நடையை எல்லோரும் புகழ்ந்தார்களாம். அந்தப் படத்தில் உங்கள் பெயர் போட்டார்களா என்றேன். போடுகிறேன் என்று அவர்கள் சொல்லவுமில்லை, தாம் கேட்கவுமில்லை என்றார். முகமூடி மிஞ்சியதா என்றால், ரப்பர் ஓராண்டிலேயே இளகி ஒட்டிக்கொண்டுவிட்டது, எறிந்துவிட்டார்களாம்.

உங்கள் ஊரிலும் இத்தகையோர் இருப்பார்கள். கணிப்பொறியின் முன் இரவெல்லாம் அமர்ந்து அரக்கனின் மயிரை ஒவ்வொன்றாகச் சீர்செய்யும் இளைஞர், இருட்டறையில் நின்று பேய்க்குச் சிரிப்பு வழங்கிய பெண்மணி, தையற்காரர், விளக்குத் தூக்கியவர். செல்லும்பொழுது ஒரு குறிப்பேடும் நிறைய நேரமும் கொண்டு செல்லுங்கள். எடை, நாள், கூலி, பொருள், முறிந்தது, மீண்டும் செய்தது, இவற்றைக் கேளுங்கள். நாளையும் ஊரையும் தவறாமல் குறியுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிந்தாலும் கையால் எழுதுவதை விடாதீர்கள். எழுதும் வேகத்துக்கு ஏற்ப முதியவர்கள் நிதானித்து நினைவுகூர்வதை நான் கண்டிருக்கிறேன்.

அச்சிற்பியிடம் நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினார். அடியில் அவர் பெயரையும், தந்தையார் பெயரையும், ஊரையும் எழுதி முடித்து எழுந்தேன். என்னைக் கையமர்த்தி, பிளாஸ்டர் குழைத்துக் கொடுத்த பையனின் பெயரையும் அதன் கீழ் எழுதிக்கொள்ளச் சொன்னார்.