எந்த மணியிலிருந்து எந்த மணி வரை?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "கிளவுட் செக்யூரிட்டி பற்றிப் பேசுப்பா, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்" என்றார். அது பெரிய விஷயம். அதில் ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பாதுகாப்பு ஏ.பி.ஐ.யிடம் "இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரைக்கும் யார் யார் உள்ளே வந்தாங்க?" என்று கேட்பது எப்படி? இவ்வளவுதான் தலைப்பு. இதில் என்ன சார் இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் 2023 வரை அப்படித்தான் தோன்றியது.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்புகிறார்கள். 2023 ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த ஜெர்மன் பையர் போன் செய்து, "மார்ச் 29-ஆம் தேதி உங்கள் மெயில் பார்த்தோம், நீங்கள் சொன்ன புது வங்கிக் கணக்கிலேயே பணம் போட்டுவிட்டோம்" என்றார். புதுக் கணக்கு என்று கம்பெனியில் யாருமே சொல்லவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மெயில் எல்லாம் கிளவுடுலதானே இருக்கு, யார் பண்ணதுன்னு பார்த்துச் சொல்லுப்பா" என்றார்.

பார்த்தேன். மார்ச் 29, தொடக்கம் 00:00, முடிவு 24:00 என்று போட்டு ஆடிட் லாக் கேட்டேன். ஏ.பி.ஐ. உடனே பதில் கொடுத்தது. வெளி ஆள் யாரும் இல்லை. அந்த மெயில் பெட்டியைத் திறந்தது அக்கவுண்ட்ஸில் இருந்த ஒரு பொண்ணு மட்டும்தான், காலை 8:40-க்கு. நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். மறுநாள் அந்தப் பொண்ணை "கொஞ்ச நாள் வீட்ல இரும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் சின்னது. வீட்டில் உட்கார வைத்தால் எதற்கு என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

ஐந்தாம் நாள் பையர் அந்த மெயிலை முழுத் தலைப்பு வரிகளோடு அனுப்பினார். அதில் இருந்த நேரம் மார்ச் 28, இரவு 22:52. அவர்கள் மறுநாள் காலையில் படித்ததால் 29 என்று சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மனிக்கும் நமக்கும் நாலரை மணி நேரம் என்று மனப்பாடம். கூட்டினால் நம் 29-ஆம் தேதி விடியற்காலை 3:22. அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிஷம் வைத்துக் கேட்டேன். காலிப் பட்டியல் வந்தது. பிழை என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் சரி, 200, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை.

தலைப்பு வரியை மறுபடி பார்த்தபோதுதான் கூட்டல் 0200 என்று இருந்தது கண்ணில் பட்டது. ஜெர்மனியில் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். 2023-இல் அது 26-ஆம் தேதி. ஆகவே வித்தியாசம் நாலரை இல்லை, மூன்றரை. மெயில் போனது நம் நேரம் 2:22. அப்போதும் கேள்வி மிச்சம்: முதல் நாள் முழுத் தேதிக்கும் கேட்டேனே, அதில் ஏன் வரவில்லை?

காரணம், நான் போட்ட 00:00 ஆம்பூரின் நள்ளிரவு இல்லை. நேர மண்டலம் சொல்லாமல் கொடுத்தால் அந்த ஏ.பி.ஐ. யு.டி.சி. என்று எடுத்துக்கொள்ளும். யு.டி.சி. நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5:30. நான் கேட்டது 29 காலை 5:30 முதல் 30 காலை 5:30 வரை. உலாவியில் திறக்கும் திரை அழகாக நம் நேரத்தைக் காட்டும். ஏ.பி.ஐ. காட்டாது. 28-ஆம் தேதி யு.டி.சி. 18:30 முதல் 29-ஆம் தேதி 18:30 வரை என்று மாற்றிப் போட்டேன். 2:10-க்கு வெளிநாட்டு ஐ.பி. முகவரியிலிருந்து ஒரு லாகின். 2:14-க்கு, பையரிடமிருந்து வரும் பதில்களை மறைத்து வைக்க ஒரு விதி. 2:22-க்கு மெயில். எல்லாம் இருந்தது.

அன்று சாயந்திரமே முதலாளியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனேன். "கம்ப்யூட்டர்தானே சார் அப்படிச் சொல்லுச்சு" என்றது. கம்ப்யூட்டர் கேட்டதற்குப் பதில் சொன்னதும்மா, தப்பாகக் கேட்டது நான் என்றேன். அவங்க அப்பா என்னோடு பேசவில்லை. மறுநாள் அது வேலைக்கு வந்தது.

இந்த நேரத் தகராறு நம் ஊருக்குப் புதிதல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை ஓடியது. ரயில்வேக்காரர்களுக்கு ஒரே நேரம் வேண்டும் அல்லவா? சென்னை வானாய்வகத்தின் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். 'மெட்ராஸ் டைம்' என்று அது நாடு முழுக்க ரயில் அட்டவணைகளில் இருந்தது. இன்றைய கணக்கில் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முன்னே. 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து ஐந்தரை மணி நேரம் என்ற இந்தியத் திட்ட நேரம் 1906 ஜனவரி 1-இல் வந்தது. பம்பாய் நகரம் தன் சொந்த நேரத்தை 1955 வரை விடவே இல்லை! வாணியம்பாடிக்கு மேலே காவலூரில் இருக்கும் வானாய்வகத்தில் போய்க் கேளுங்கள், வானியலார் உலக நேரத்தில்தான் குறித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது.

இனி பசங்களுக்கு. கொஞ்சம் குறிப்பெடுத்துக் கொள்ளுங்கள்.

நேரத்தை எழுத ஐ.எஸ்.ஓ. 8601, ஆர்.எஃப்.சி. 3339 என்று முறைகள் உண்டு. கடைசியில் இசட் எழுத்து போட்டால் யு.டி.சி., கூட்டல் 05:30 போட்டால் நம் நேரம். இரண்டில் ஒன்று கட்டாயம் போடுங்கள். கூட்டல் குறியிலும் ஒரு வம்பு: இணைய முகவரியின் கேள்விப் பகுதியில் அது வெற்றிடமாகப் படிக்கப்படும். அங்கே சதவீதக் குறி, 2, பி என்று மாற்றி எழுத வேண்டும். எனக்குக் கேட்டால், இசட் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

சில ஏ.பி.ஐ.கள் 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணிய எண்ணைக் கேட்கும். சிலது வினாடி, சிலது மில்லி வினாடி. மேலே சொன்ன தொடக்க நேரம் வினாடியில் 1680028200. மில்லி வினாடி கேட்கும் இடத்தில் இதையே கொடுத்தால் 1970 ஜனவரி 20-க்குப் போய் நிற்கும். மூன்று பூஜ்யம் சேர்க்க வேண்டும்.

"கடந்த 24 மணி நேரம்" என்றும் கேட்கலாம். தினசரி ஸ்க்ரிப்டுக்கு வசதிதான். ஆனால் இன்றைக்கு ஓடினால் ஒரு பதில், நாளைக்கு ஓடினால் வேறு பதில். ஒருத்தர் மேல் குற்றம் சொல்லப் போகும் விசாரணைக்கு அது கூடாது. இரண்டு முனையும் தேதியோடு இருக்க வேண்டும்.

முனை என்றதும் டேனரி ஷிப்ட் ஞாபகம் வருகிறது. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறுகிறது. சரியாக ஆறுக்கு ட்ரம்மில் போட்ட லாட் எந்த ஷிப்ட் கணக்கு? இரண்டு பேரும் எழுதினால் லாட் இரண்டாகிவிடும், இரண்டு பேரும் விட்டால் காணாமல் போகும். தொடக்கத்தைச் சேர், முடிவை விடு என்று வைத்துக்கொண்டால் சண்டை இல்லை. ஆனால் எல்லா ஏ.பி.ஐ.யும் அப்படி இல்லை. அமேசானின் கிளவுட்டிரெயில் தேடலில் இரண்டு முனையும் சேர்த்தி. அடுத்தடுத்து கேட்டால் எல்லையில் நிற்கும் நிகழ்வு இரண்டு முறை வரும். நிகழ்வுக்கு உரிய அடையாள எண்ணை வைத்துக் கழித்துவிட வேண்டும். அதில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 50 நிகழ்வுகள்தான் வரும். அடுத்த பக்கம் கேட்காமல் "முடிஞ்சுது" என்று எழுந்து போகாதீர்கள். நடந்தது பதிவில் ஏறவும் சில நிமிஷம் ஆகும். அதனால் "இந்த வினாடி வரை" என்று கேட்டு நிறுத்திவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடங்கினால் நடுவில் சிலது நழுவும். பத்துப் பதினைந்து நிமிஷம் பின்னுக்குப் போய்த் தொடங்குங்கள்.

கடைசியாக, எவ்வளவு பின்னே போகலாம்? அந்தத் தேடலில் 90 நாள்தான். 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், இணையத் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கடிகாரங்களை என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்துவைக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். அதுவும் முடிந்துவிட்டது. இங்கே உட்கார்ந்திருக்கும் டேனரி, ஷூ கம்பெனி முதலாளிமார்கள் இன்று போனதும் உங்கள் கம்ப்யூட்டர் ஆளிடம் கேளுங்கள்: நம் லாக் எத்தனை நாள் நிற்கிறது? அந்த ஆறு மணி நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தை நான் போல் தொலைத்தால் மிச்சம் அரை மணிதான்.

நான் இப்போது பயன்படுத்தும் சின்ன ஸ்க்ரிப்ட்டைக் கணினித் துறை லேபில் கொடுத்திருக்கிறேன். நம் நேரத்தைப் போட்டால் யு.டி.சி.யையும் பக்கத்திலேயே காட்டி, "இதுதானா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் அனுப்பும். தப்பு கண்டுபிடித்தால் சொல்லுங்கள், திருத்திக் கொள்கிறேன். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.