ஓங்கு பண்பும் ஒடுங்கு பண்பும்: நெல் கற்பிக்கும் பாடம்



மெண்டலின் பட்டாணிச் செடியைக் காட்டி, நெடுமை ஓங்கு பண்பு, குறுமை ஒடுங்கு பண்பு என்று கற்பிக்கிறோம். ஓங்குவது உயர்ந்தது, ஒடுங்குவது தாழ்ந்தது என்ற எண்ணமும் உடன் படிந்துவிடுகிறது. அது சரிதானா என்பதை நெல்லைக் கொண்டு ஆராய்வோம்.

சில நெல் நாற்றுகள் வெளிறி, அளவுமீறி உயர்ந்து, பின்னர் மடிவதைக் கண்ட ஜப்பானிய உழவர்கள் அவற்றை ‘மூட நாற்று’ என்றனர். 1926இல் தைவானில் பணியாற்றிய குரோசாவா, அந்நோய்க்குரிய பூஞ்சை வளர்ந்த நீர்மத்தை வடித்து, நல்ல நாற்றுகளுக்கு இட்டார். அவையும் நெடிது வளர்ந்தன. அதிலிருந்த பொருளுக்கு 1935இல் யபுதா ‘கிபரெல்லின்’ எனப் பெயரிட்டார். செடிகளே அதனை உண்டாக்குகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்களைச் சிதையச் செய்து தண்டை நீளவிடும் வளரூக்கி அது.

மிகுதி நோயானது, குறைவு என்ன செய்தது? உரம் மிகுதியாக இட்டால், நெடிய நெற்பயிர் கதிரின் சுமை தாங்காது சாய்ந்துவிடும். பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம், இந்தோனேசியாவின் நெடிய ‘பேட்டா’ நெல்லைத் தைவானின் குட்டை நெல்லுடன் கலந்து, 1966இல் ‘ஐ.ஆர்.8’ வகையை வெளியிட்டது. குட்டையான, உறுதியான தண்டு; நிறைந்த விளைச்சல். ஆசிய உழவர் பலரின் வயல்களில் அது பரவியது. அக்குறுமையின் காரணம் 2002இல் புலப்பட்டது. கிபரெல்லின் உருவாக உதவும் நொதிக்குரிய எஸ்.டி.1 என்னும் மரபணுவின் ஒரு பகுதி அதில் இல்லை. பூக்களில் வேறொரு மரபணு அப்பணியைச் செய்வதால் நெல்மணி குறையவில்லை. இக்குறுமையும் ஒடுங்கு பண்பே.

அப்படியாயின் குறுமையே சிறந்ததா? அன்று. வங்காளதேசத்து ஆழநீர் நெல்லில், வெள்ளம் உயரும்போது அதே எஸ்.டி.1 மரபணு முனைப்புடன் இயங்குகிறது. கிபரெல்லின் பெருகித் தண்டு விரைந்து நீள்கிறது. இலைகள் நீருக்கு மேலே நின்று பயிர் பிழைக்கிறது. 2018இல் வெளியான ஆய்வு இதனை விளக்கியது.

ஒரே மரபணு, ஓரிடத்தில் செயலிழந்து உணவளித்தது. மற்றோரிடத்தில் செயல்மிகுந்து உயிர் காத்தது. ஓங்குதலும் ஒடுங்குதலும் பண்பு வெளிப்படும் முறையைச் சுட்டும் சொற்கள். மதிப்பீட்டுச் சொற்கள் அல்ல. ஒரு பண்பின் மதிப்பை அது விளையும் நிலமே உரைக்கும். கலைச்சொல்லைக் கற்பிக்கும்போது அதன் எல்லையையும் சேர்த்தே கற்பிப்போம்.