அடுப்பு ஒரு காம்பராவில், கவனம் முழு லயத்துக்கும்
(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரட்டுக்கு ஓடும் முன்னே ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஈர விறகை ஊதி நெஞ்செல்லாம் புகையானது போதும் என்றுதான் நம்மில் பலர் கேஸ் அடுப்பு வாங்கியிருக்கிறோம். நல்லதுதான். ஆனால் நமது காம்பராக்கள் ஒரே கூரையின் கீழே, ஒரே சுவரைப் பங்குபோட்டு நிற்கின்றன. ஒரு வீட்டில் பிடிக்கும் தீ அந்த வீட்டோடு நிற்காது.

2021 நவம்பர், டிசம்பரில் நாட்டின் பல பகுதிகளில் சமையலறைகளில் கேஸ் வெடித்ததை நாம் மறக்கவில்லை.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படிந்து பரவும். நம்முடைய விறகடுப்பும் தரையில்தான் இருக்கிறது. அணைந்ததாக நினைக்கும் சாம்பலுக்குள்ளே தணல் கிடக்கும். குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டால் கசிந்த கேஸ் வெளியேற வழியில்லை. ஆகவே இரண்டு அடுப்பையும் ஒரே அறையில் வைக்க வேண்டாம்.

காசை எங்கே மிச்சம் பிடிக்கலாம்? 12.5 கிலோ சிலிண்டர் வாங்க முடியாவிட்டால் 5 கிலோ வாங்கலாம். அவசரச் சமையலுக்கு மட்டும் கேஸைப் பாவிக்கலாம். ஆனால் குழாயிலும் ரெகுலேட்டரிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயை வெட்டிப் பொருத்தக் கூடாது. கேஸுக்கென்றே செய்த குழாய், ஒன்றரை மீற்றருக்கு மேல் நீளாமல், இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். வெடிப்புக் கண்டால் அன்றே மாற்றுங்கள். சுவரில் துளை போட்டு றப்பர் குழாயைப் பக்கத்து வீட்டுக்கு இழுக்கவே கூடாது.

குளிர் காலத்தில் சுவாலை சின்னதாக எரியும். அதற்காகச் சிலிண்டரை அடுப்போரம் வைத்துச் சூடுகாட்டாதீர்கள். எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள்.

கசிவு பார்க்க நெருப்புக்குச்சி வேண்டாம். சவர்க்கார நுரையை இணைப்புகளில் பூசுங்கள். குமிழி வந்தால் கசிகிறது. கேஸ் நாற்றம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். பக்கத்துக் காம்பராக்காரரையும் எழுப்புங்கள்.

இவ்வளவும் நம்முடைய பங்கு. ஆனால் லயத்தின் சுவர் நமக்குச் சொந்தமில்லை. தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. எனவே நாம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு சமையலறையிலும் வெளிச்சுவரில், தரைமட்டத்தில், கம்பிவலை போட்ட காற்றுத் துவாரம் வைத்துத் தர வேண்டும். விறகடுப்புக்குப் புறம்பான இடம் வேண்டும். புதிதாகக் கட்டும் வீடுகளின் திட்டத்திலேயே இவை சேர வேண்டும். நிர்வாகத்தோடு அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கணக்கோடு இதையும் மேசையில் வைப்போம்.

அதுவரை ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர் பொறுப்பெடுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கோப்பைச் சவர்க்கார நுரையோடு காம்பரா காம்பராவாகப் போய் இணைப்புகளைப் பார்ப்போம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.