ரெண்டாவது பேட்டரி எதுக்கு?

கம்பம், போடி பக்கம் காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு மலை ஏறுற பழைய மகிந்திரா ஜீப்புகளைப் பார்த்திருப்பீங்க. பேட்டரி இறங்கிப்போனாலும் கவலை இல்லை. இறக்கத்துல உருட்டி, ரெண்டாவது கியர்ல கிளட்சை விட்டா டீசல் இன்ஜின் பிடிச்சுக்கும். ஆட்டோமேட்டிக் தாரை அப்படி உருட்டி ஸ்டார்ட் பண்ண முடியாது. மேகமலையில தங்குற இடத்து வாசல்ல நிறுத்தி (காட்டுக்குள்ள வேண்டாம், 2021-ல இருந்து அது புலிகள் காப்பகம்), ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜும் லைட்டும் ஓடவிட்டா, காலையில 'டிக் டிக்' சத்தம்தான் மிச்சம்.

ரெண்டு பேட்டரியையும் நேரா பேரலல்ல சேர்த்தா போதும்பாங்க. அப்போ ராத்திரி ரெண்டுமே சேர்ந்து இறங்கும். நடுவுல ஐசோலேட்டர் வேணும். இன்ஜின் ஓடி வோல்டேஜ் சுமார் 13.3-க்கு ஏறினா சேர்க்கும், 12.8-க்கு இறங்கினா பிரிக்கும். ஆனா சில பிஎஸ் 6 வண்டிகள்ல டீசலை மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரே வோல்டேஜைக் குறைச்சுக்கும். அங்க டிசி-டிசி சார்ஜர்தான் சரி. லித்தியம் பேட்டரிக்கும் அதேதான்.

கணக்கு சுலபம். ஃப்ரிட்ஜ் சராசரியா 2 ஆம்பியர் இழுத்தா, 10 மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-ஹவர். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழ இறக்கக் கூடாது. லைட், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து நான் 60-க்குக் குறைஞ்சு போடமாட்டேன்.

ஃப்யூஸ் விஷயத்துல மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ரெண்டு பேட்டரியோட பாசிட்டிவ் முனையிலயும், ஒரு சாண் தூரத்துக்குள்ள, வயரோட தடிமனுக்குத் தகுந்த ஃப்யூஸ் இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் போட்டு, மலைப்பாதை குலுக்கல்ல வயர் பாடியில உரசி ஷார்ட் ஆச்சுன்னா, அந்தப் பக்கத்து ஃப்யூஸ் போயிடும். அடுத்த பக்கத்து பேட்டரி வயரை எரிச்சுக்கிட்டே இருக்கும். வண்டியை எலக்ட்ரீசியன்கிட்ட விடும்போது ஐசோலேட்டர் விலையைக் கேக்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க.